விளக்கு எரியும், வேலை நடக்காது!

கம்பியில் ஒளிந்திருக்கும் கள்ளனைக் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டில் 'நெட்' மந்தமாகிவிட்டது. பையன் பாடம் பார்க்கிறான். வாத்தியார் வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. சத்தம் வந்தால் படம் நின்றுபோகிறது.

அப்பா என்ன செய்கிறார்? கம்பெனிக்காரனைத் திட்டுகிறார். மாதச் சந்தாவைக் கூட்டி இரண்டு மடங்கு வேகம் வாங்குகிறார். பலன் இல்லை. "கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கடன் வாங்கிப் புதுக் கம்ப்யூட்டர் வருகிறது. அதுவும் பழையபடியே தூங்கி வழிகிறது!

குற்றவாளி யார் தெரியுமா? பல வீடுகளில், மேஜைக் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் ஒரு கம்பிதான்!

அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். அது தெரியாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் ஏராளம்.

வீட்டில் என்றால் பணத்தோடு போய்விடும். ஆஸ்பத்திரியில் டாக்டர் 'ஸ்கேன்' படத்துக்குக் காத்திருக்கிறார். பாங்கியில் பணம் கட்ட வரிசை நிற்கிறது. ரெயில் நிலையத்தில் டிக்கெட் கேட்டு ஜனங்கள் நெருக்குகிறார்கள். அங்கெல்லாம் கம்பி பழுதானால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்.

அடித்தளம் எது?

"இப்போதுதான் எல்லாம் கம்பி இல்லாமல் வருகிறதே!" என்று சிலர் கேட்பார்கள்.

செல்போனுக்கும் அதன் கோபுரத்துக்கும் நடுவில் கம்பி இல்லை. உண்மைதான். ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் 'ரவுட்டர்' பெட்டியைப் பாருங்கள். அதன் முதுகில் கம்பி செருகியிருக்கும். ஆபீசுகளில் கம்ப்யூட்டர், கண்காணிப்புக் காமிரா, மேஜைத் தொலைபேசி எல்லாம் பெரும்பாலும் கம்பியில்தான் ஓடுகின்றன.

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேசும் முறையை நிபுணர்கள் 7 மாடிக் கட்டிடமாகப் பிரித்திருக்கிறார்கள். 1984-ம் ஆண்டு சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு இதை வெளியிட்டது. மேல் மாடியில் இருப்பது, கண்ணுக்குத் தெரியும் படமும் எழுத்தும். கீழ்த் தளத்தில் இருப்பது கம்பியும், அதில் ஓடும் மின்சாரத் துடிப்பும்.

கீழ்த் தளம் ஆடினால் மேல் மாடி நிற்குமா? நிற்காது. ஆனாலும் ஜனங்கள் மேல் மாடிக்குத்தான் முதலில் வைத்தியம் பார்க்கிறார்கள்!

பிறந்த கதை

இந்தக் கம்பி முறைக்கு 'ஈதர்நெட்' என்று பெயர். அது பிறந்தது அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஜெராக்ஸ் கம்பெனி ஆராய்ச்சி நிலையத்தில். ராபர்ட் மெட்காப் என்ற என்ஜினீயர் 1973-ம் ஆண்டு மே 22-ந் தேதி இதைப்பற்றி ஒரு குறிப்பு எழுதினார். டேவிட் பாக்ஸ் என்பவர் அவருக்குத் துணை நின்றார்.

ஒளி பரவுவதற்கு 'ஈதர்' என்ற ஒரு பொருள் எங்கும் நிறைந்திருக்கிறது என்று அக்கால விஞ்ஞானிகள் நம்பினார்கள். அப்படி ஒன்று இருப்பதற்கு அடையாளமே இல்லை என்பது பிறகு தெரியவந்தது. அந்தப் பழைய பெயரைத்தான் மெட்காப் தமது கம்பிக்குச் சூட்டினார்!

1980-க்குப் பிறகு ஆபீசுகளில் ஒரு தடித்த கம்பி கட்டிடம் முழுவதும் ஓடியது. பல இடங்களில் அது மஞ்சள் நிறத்தில் இருந்தது. எல்லாக் கம்ப்யூட்டர்களும் அந்த ஒரே கம்பியில் தொங்கின. ஊர் முழுவதற்கும் ஒரே கிணறு போல!

அதில் என்ன ஆபத்து? ஒரு இடத்தில் கம்பி அறுந்தால் போதும். அத்தனை கம்ப்யூட்டரும் ஊமையாகிவிடும். எங்கே அறுந்தது என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும்.

1990-ம் ஆண்டு புதிய முறை வந்தது. நடுவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிக் கம்பி. ஒருவர் கம்பி அறுந்தால் அவருக்கு மட்டுமே நஷ்டம். இன்று எங்கும் இருப்பது இந்த முறைதான். நடுவில் இருக்கும் பெட்டிக்கு 'சுவிட்சு' என்று பெயர். (விளக்குப் போடும் சுவிட்சு வேறு; இது வேறு.)

ஏன் முறுக்கினார்கள்?

லேன் கம்பியின் மேல்தோலைச் சீவிப் பாருங்கள். உள்ளே 8 மெல்லிய கம்பிகள் இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வெள்ளைக்கோட்டுத் துணை. ஆக 4 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் கயிறுபோல் முறுக்கப்பட்டிருக்கும்.

இது அழகுக்காகச் செய்ததா? இல்லை!

கம்பி ஓடும் வழியில் மின்விசிறி இருக்கும், மோட்டார் இருக்கும், டியூப் லைட் இருக்கும். அவற்றின் மின்சாரம் பக்கத்துக் கம்பியில் இரைச்சலை உண்டாக்கும். ஜோடியை முறுக்கிவிட்டால், அந்த இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழும். கேட்கும் எந்திரமோ இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். இரண்டிலும் சமமாக விழுந்த இரைச்சல் கழித்தலில் காணாமல் போய்விடும்!

இந்த உபாயம் கம்ப்யூட்டருக்கும் முந்தியது. டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1881-ம் ஆண்டிலேயே இதற்கு உரிமை பெற்றார்.

ஆகவே, முறுக்குதான் கம்பிக்குக் கவசம். முனையில் முறுக்கை அளவுக்கு மீறிப் பிரித்தால் கவசத்தைக் கழற்றிய மாதிரி. 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது விதி. அதாவது அரை அங்குலம்.

பொட்டலமும் கணக்கும்

கம்பியில் செய்தி எப்படிப் போகிறது? மொத்தமாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலமாகக் கட்டிப் போகிறது. படமானாலும் பாட்டானாலும் பொட்டலம்தான்.

ஒவ்வொரு பொட்டலத்தின் கடைசியிலும் ஒரு 'சரிபார்ப்பு எண்' இருக்கும். லாரியில் மூட்டை ஏற்றும்போது கூடவே சீட்டுக் கொடுத்து அனுப்புவார்கள் அல்லவா? அதுபோலத்தான். பெறுகிற எந்திரம் பொட்டலத்தைப் பிரித்துத் தானே கணக்குப் போடும். கணக்கு சீட்டோடு ஒத்துப்போனால் வாங்கிக்கொள்ளும். ஒத்துப்போகாவிட்டால்?

தூக்கி எறிந்துவிடும்! அனுப்பியவனுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாது!

மறைந்து நிற்கும் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

பொட்டலம் தொலைந்ததை மேல் மாடியில் உள்ள இன்னொரு கணக்குப்பிள்ளை கொஞ்சம் தாமதித்துக் கண்டுபிடிக்கிறார். மறுபடி அனுப்பச் செய்கிறார். அதோடு விடுவதில்லை. "வழியில் கூட்டம் போலிருக்கிறது" என்று நினைத்து, அனுப்பும் வேகத்தையும் குறைத்துவிடுகிறார். நூற்றுக்கு ஒன்றிரண்டு பொட்டலம் கெட்டாலே வேகம் வெகுவாக விழுந்துவிடும்.

செய்தி கடைசியில் வந்து சேர்ந்துவிடும். ஆனால் ஆமைபோல வரும். கம்பி பழுது என்று யாருக்குத் தோன்றும்? "நெட் மந்தம்" என்றுதான் சொல்வார்கள்.

பேச்சும் நேரடிப் படமும் வேறு வகை. அவற்றில் தொலைந்த பொட்டலத்தைப் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில்லை. அதனால்தான் வாத்தியாரின் குரல் நடுவில் நடுவில் அறுந்துபோகிறது.

நல்ல கம்பியில் எத்தனை தவறு வரலாம்? வினாடிக்கு 100 கோடி பிட் போகும் கம்பிக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். (பிட் என்றால் 0 அல்லது 1.) ஆயிரம் கோடி பிட்டுக்கு ஒரு தவறு. அதற்கு மேல் வரக்கூடாது. நல்ல கம்பி இதைவிட யோக்கியமாகவே நடந்துகொள்ளும்.

விளக்கு பொய் சொல்லுமா?

ரவுட்டர் பெட்டியில் கம்பி செருகும் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். அது எரிந்தால் கம்பி நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்.

அது தவறு. மறுமுனையில் ஒரு எந்திரம் உயிரோடு இருக்கிறது என்றுதான் விளக்குச் சொல்கிறது. வருகிற செய்தி சுத்தமாக வருகிறதா என்று அது சொல்வதில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. தட்டுவது யார் என்று தெரியாது. அந்த மாதிரிதான்!

அப்படியானால் எதைப் பார்ப்பது? மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வேகம். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் எழுதியிருக்கும். 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். 100 வேகத்துக்கு 4 கம்பிகள் போதும். 1000 வேகத்துக்கு 8 கம்பிகளும் வேண்டும். 8-ல் ஒன்று அறுந்தால், பல எந்திரங்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விளக்கு வழக்கம்போல் எரியும். ரவுட்டரோ கம்ப்யூட்டரோ 100 வரைக்கும்தான் செய்யப்பட்டது என்றால் கவலை வேண்டாம். அது அதன் இயல்பு.

இரண்டாவது, தவறுக் கணக்கு. தூக்கி எறிந்த பொட்டலங்களை எந்திரம் எண்ணி வைத்திருக்கும். ஆபீசு சுவிட்சுகள் பலவற்றில் ஒவ்வொரு துளைக்கும் தனிக் கணக்கு உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கட்டளைத் திரையைத் திறந்து 'நெட்ஸ்டாட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைச் சேருங்கள். பிழைகள் எத்தனை என்று காட்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கணக்கின் தொகையைப் பார்த்துப் பயப்படக் கூடாது; அது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் 500, மாலையிலும் 500 என்றால் அது பழைய கதை. காலையில் 500, மாலையில் 900 என்றால் நோய் உயிரோடு இருக்கிறது!

இன்னொன்று. தவறை எண்ணுவது, பெறுகிற எந்திரம். ஆகவே இரண்டு முனையிலும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு முனை சுத்தமாக இருந்து, மறுமுனையில் தவறு குவிந்து கிடக்கலாம்.

மூன்றாவது, போக்குவரத்து விதி. அது தனிக் கதை.

ஒற்றையடிப் பாலம்

ஒரு பாலம் இருக்கிறது. கிழக்கே இருப்பவன், "இது இருவழிப் பாலம், எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்று நினைக்கிறான். மேற்கே இருப்பவன், "இது ஒருவழிப் பாலம்; எதிரே ஆள் வராதபோதுதான் போக வேண்டும்" என்று நினைக்கிறான். என்ன ஆகும்?

ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சந்தை நாளில் மோதல்தான்!

கம்பியிலும் இப்படி நடப்பதுண்டு. இரண்டு எந்திரமும் தாங்களாகவே பேசி விதியை முடிவு செய்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. யாராவது ஒருவர் ஒரு முனையை மட்டும் கையால் '100, இருவழி' என்று கட்டிப்போட்டு விடுவார். மறுமுனை பேச்சுக்குக் காத்திருக்கும். பதில் வராது. உடனே அது 'ஒருவழி' என்று முடிவு கட்டிவிடும்.

சோதனைக்குச் சின்னச் செய்தி அனுப்பினால் ஒழுங்காகப் போகும். பெரிய படம் அனுப்பினால் திணறும். கம்பியை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. ஏனென்றால் குற்றம் கம்பியில் இல்லை!

இதற்கு மருந்து ஒன்றுதான். இரண்டு முனையையும் 'தானாக' என்ற நிலையில் விட்டுவிட வேண்டும். பழைய எந்திரங்கள் உள்ள ஆபீசுகளில் இந்தக் கோளாறு அதிகம்.

அடித்துத் திருத்த முடியாது

கம்பி சரியில்லை என்றால் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது பலருக்கும் வழக்கம். இந்தப் புத்தி புதிது அல்ல. இதனால் அட்லாண்டிக் கடலில் ஒரு கம்பியே செத்துப்போயிருக்கிறது!

1858-ம் ஆண்டு. அயர்லாந்தில் இருந்து கனடா பக்கத்தில் உள்ள நியூபவுண்ட்லாந்து வரை கடலுக்கு அடியில் முதன் முதலாகத் தந்திக் கம்பி போட்டார்கள். ஆகஸ்டு 16-ந் தேதி விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதி புகானனுக்கு வாழ்த்து அனுப்பினார். 98 சொற்கள். போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? 16 மணி நேரம்!

கம்பியின் மேலுறையில் ஆரம்பத்திலிருந்தே குறை இருந்தது. செய்தி மங்கலாக வந்தது. மின்சாரப் பொறுப்பில் இருந்தவர் ஒயிட்ஹவுஸ் என்பவர். தொழிலால் அவர் டாக்டர். "பலமாக அடித்தால் போகும்" என்று நினைத்தார். சுமார் 2,000 வோல்ட்டு மின்சாரத்தைச் செலுத்தினார்.

வில்லியம் தாம்சன் என்ற விஞ்ஞானியின் வழி வேறு. "மின்சாரம் மெல்லியதாகவே போகட்டும். மறுமுனையில் கூர்மையாகக் கேட்கும் கருவியை வையுங்கள்" என்பது அவர் கட்சி. (பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ் பெற்றவர் இவரே.)

குறைபட்ட கம்பி அடியைத் தாங்கவில்லை. சில வாரங்களில் அது அடியோடு ஊமையாகிவிட்டது. 1866-ல்தான் நிலைத்து நிற்கும் கம்பியைப் போட முடிந்தது. அதில் தாம்சன் வழிதான் வென்றது.

மாதச் சந்தாவைக் கூட்டுகிறவர்களும் ஒயிட்ஹவுஸ் செய்ததைத்தான் செய்கிறார்கள். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன?

ஒன்று ஒன்றாக...

சரி, கள்ளனைப் பிடிப்பது எப்படி?

முதல் விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கம்பியையும் மாற்றி, துளையையும் மாற்றி, பெட்டியையும் மாற்றினால் கோளாறு தீரலாம். ஆனால் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. மறுமாதம் அதே கள்ளன் திரும்பி வருவான்.

முதலில் கம்பியின் இரு முனைகளையும் கழற்றி, 'டிக்' என்று சத்தம் கேட்கும்படி மறுபடி செருகுங்கள். முனையில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்திருந்தால் கம்பி துளையில் நிலைத்து நிற்காது. மின்விசிறிக் காற்றுக்கே ஆடும்.

தீரவில்லையா? நன்றாக இருப்பதாக ஏற்கனவே தெரிந்த ஒரு கம்பியை மாட்டிப் பாருங்கள். புதுக் கம்பி வேண்டும் என்பது இல்லை. வேறு இடத்தில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த கம்பியாக இருந்தால் நல்லது.

அதற்கும் தீராவிட்டால், அதே கம்பியைப் பெட்டியின் வேறு துளையில் செருகுங்கள். இப்போது கவனியுங்கள். கோளாறு கம்பியோடு கூடவே போகிறதா? அப்படியானால் குற்றம் கம்பியில், அல்லது கம்பியின் மறுமுனையில். பழைய துளையில் வேறு கம்பியைச் செருகினாலும் கோளாறு அங்கேயே நிற்கிறதா? அப்படியானால் குற்றம் துளையில்.

கடைசியில்தான் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்க வேண்டும். ஜனங்கள் செய்வதோ தலைகீழ்!

ஒவ்வொரு தடவையும் என்ன மாற்றினீர்கள், கணக்கு எவ்வளவு ஏறியது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஞாபகத்தை நம்பக் கூடாது.

கெட்ட கம்பி என்று முடிவானால் அதன் இரு முனைகளையும் உடனே வெட்டிவிடுங்கள். "இருக்கட்டும், எதற்காவது ஆகும்" என்று அலமாரியில் போட்டால், ஒருநாள் இன்னொருவர் எடுத்து மாட்டுவார். கதை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்!

கள்ளன் எத்தனை வகை?

கம்பிக் கோளாறுகளில் அடிக்கடி வருபவை இவை:

நீளம்: ஒரு பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர் வரை 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுவருக்குள் 90 மீட்டர், இரு முனைகளிலும் வெளியே தொங்கும் கம்பிக்கு 10 மீட்டர் என்று கணக்கு.

வளைவு: லேன் கம்பியைப் படுதா மடிப்பதுபோல் மடிக்கக் கூடாது. கம்பியின் தடிமனைப்போல் 4 மடங்காவது வளைவின் ஆரம் இருக்க வேண்டும். தண்ணீர் டம்ளரைச் சுற்றி வளைத்த மாதிரி இருந்தால் போதும்.

இழுப்பு: குழாய்க்குள் கம்பி போடும்போது முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. 11 கிலோ எடை தூக்கும் பலத்துக்கு மேல் இழுத்தால் உள்ளே முறுக்குக் குலைந்துவிடும். வெளியே தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே ரணம்!

தண்ணீர், எலி: மொட்டை மாடியில் போட்ட கம்பியில் மழைநீர் இறங்கும். பரணில் போட்ட கம்பியை எலி கடிக்கும். மழை நாளில் மட்டும் மந்தம் என்றால் வெளிக் கம்பியைப் பாருங்கள்.

பக்கத்து மின்சாரம்: மோட்டார் ஓடும்போது மட்டும் கோளாறா? வீட்டு மின்சாரக் கம்பியும் லேன் கம்பியும் ஒரே குழாயில் போகின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. அது கோளாறுக்கு மட்டும் அல்ல, உயிருக்கும் ஆபத்து.

மாறிய ஜோடி: இவன்தான் பலே கள்ளன்! முனையில் கம்பிகளை வரிசைப்படுத்த ஒரு முறை உண்டு. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இதில் பச்சை ஜோடி 3-வது, 6-வது இடங்களில் பிரிந்து நிற்கும். இது தெரியாதவர், நிறம் நிறமாக அடுத்தடுத்து வைத்துவிடுவார். இரு முனையிலும் அப்படியே செய்தால், 8 விளக்குச் சோதனைக் கருவி வரிசையாக எரிந்து 'சரி' என்று சொல்லும்! ஆனால் 3-ம் 6-ம் வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்தவை. முறுக்கின் பலன் போய்விட்டது. மெதுவாக அனுப்பினால் ஓடும். வேகமாக அனுப்பினால் தவறு குவியும்.

போலிச் செம்பு: சந்தையில் சில கம்பிகள் மலிவாகக் கிடைக்கின்றன. தூக்கினால் லேசாக இருக்கும். அவற்றில் செம்பு மேல்பூச்சு மட்டுமே, உள்ளே அலுமினியம். மின்சாரத்தைக் கடத்துவதில் அலுமினியம் செம்பில் ஐந்தில் மூன்று பங்குதான். எளிதில் ஒடியும். லேன் கம்பிக்கான தரவிதிகள் இதை ஏற்பதில்லை. காமிரா போன்ற கருவிகளுக்கு இதே கம்பி வழியாக மின்சாரமும் போகும்போது அதிகமாகச் சூடாகும். வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

எதிரொலி சொல்லும் சாட்சி

சுவருக்குள் 60 மீட்டர் கம்பி புதைந்திருக்கிறது. நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது. சுவர் முழுவதையும் இடிப்பதா?

வேண்டாம். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வரும். ஆழம் அதிகமானால் தாமதித்து வரும். கம்பியிலும் அதே வித்தைதான்!

ஒரு சிறு துடிப்பைக் கம்பியில் அனுப்புகிறார்கள். அறுந்த இடத்தில் மோதி அது திரும்புகிறது. வினாடியை 100 கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குக்கு நானோ வினாடி என்று பெயர். ஒரு நானோ வினாடியில் துடிப்பு சுமார் 20 சென்டிமீட்டர் ஓடும். போய்த் திரும்ப 300 நானோ வினாடி ஆனால், அறுந்த இடம் 30 மீட்டரில்!

அதோடு முடியவில்லை. கம்பி அறுந்திருந்தால் எதிரொலி நேராக வரும். இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் தலைகீழாக வரும். எங்கே கோளாறு, என்ன கோளாறு என்று இரண்டையும் சுவரைத் தொடாமலே சொல்லிவிடலாம். தொழில் தெரிந்தவர்களிடம் இந்தக் கருவி இருக்கிறது. சில சுவிட்சுப் பெட்டிகளிலும் கம்ப்யூட்டர்களிலும் இந்தச் சோதனை உள்ளேயே அமைந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை

லேன் கம்பியைத் தாராளமாகக் கழற்றி மாட்டலாம். ஆனால் வீட்டு மின்சார இணைப்பில் கை வைக்கக் கூடாது. அதற்கு எலக்ட்ரீஷியன் இருக்கிறார்.

ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்கு வெட்டவெளியில் செம்புக் கம்பி இழுப்பது ஆபத்து. பக்கத்தில் இடி விழுந்தால், அந்த மின்சாரம் கம்பி வழியாக உள்ளே பாயும். எந்திரம் கருகும்; பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து. இரு கட்டிடங்களுக்கு நடுவில் கண்ணாடி இழைக் கம்பியே நல்லது. கண்ணாடியில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. உலோக இழை எதுவும் சேராத ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

இடி இடிக்கும்போது கம்பியைத் தொடாதீர்கள். மழைக்காலம் என்றால் வானம் கறுக்கும் முன்பே கழற்றி வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

கம்பிக்கு வாய் இல்லை. தன் நோயைத் தானே சொல்லத் தெரியாது. ஆனால் இணைப்பு வேகமும் தவறுக் கணக்கும் அதன் நாடித் துடிப்பு. அடுத்த தடவை 'நெட்' மந்தமானால், கடைக்குக் கிளம்பும் முன்பு மேஜைக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள்!